கடைமடையார் கண்ணில் ஆலை

கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலைத்தொடரில் பிறந்து, கிழக்கு நோக்கி ஓடி, கரூர் மாவட்டத்தில் தன் பெயரையே தாங்கி நிற்கும் ஊருக்கு அருகே காவிரியொடு கலக்கும் ஆறு நொய்யல். பேரூர்த் தலத்தின் பெருமை பேசும் புராணம் இதனைக் காஞ்சிமாநதி என வழங்கும். ஏறத்தாழ நூற்றெண்பது கிலோமீட்டர் நீளமே உடைய சிற்றாறு இது. மலையில் மழை பெய்தால் கரை புரளும். மற்றைக் காலத்தில் மணல் தெரியக் கிடக்கும். ஆயினும் அணைகளும் வாய்க்கால்களும் குளங்களுமாக முன்னோர் அமைத்த அமைப்பினால், இச்சிறிய ஆறு கொங்கு நாட்டின் ஒரு பகுதியைப் பன்னூறு ஆண்டுகளாகக் காத்து வந்தது.

ஆற்றங்கரையில் உழவு மட்டுமே நடந்தது என்று எண்ணுதல் தவறு. சென்னிமலைக்கு அணித்தாக, நொய்யலின் வடகரையில் உள்ள கொடுமணல் என்னும் சிற்றூரில் அகழ்ந்தபோது, இரும்பு உருக்கிய உலைகளும், மணிகளைத் துளையிட்டு மெருகேற்றிய பட்டறைகளின் அடையாளங்களும், நூல் நூற்கப் பயன்பட்ட சுடுமண் வட்டுகளும், எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து நன்கலங்களுக்குப் பெயர் பெற்றதாகக் கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் துணிபு. எனவே, தொழிலும் வாணிகமும் நொய்யற்கரைக்குப் புதியன அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அங்குத் தொழில் இருந்தது, ஆறும் இருந்தது. இதனை முதலில் சொல்லிக்கொள்வது நன்று. ஏனெனில், ஆலையின் குறையைப் பேசப் புகுவோரை, ‘இவர் தொழில் வளர்ச்சிக்குப் பகைவர்’ என்று ஒரு சொல்லால் வாயடைத்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு.

அதே ஆற்றின் கரையில்தான் திருப்பூர் உள்ளது. பருத்தி வாணிகத்தாலும் பனியன் தொழிலாலும் சிறுகச் சிறுக வளர்ந்த அவ்வூர், 1980ஆம் ஆண்டுகளிலிருந்து பின்னலாடைகளை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யும் பெருநகராயிற்று. அங்குக் கம்பெனி நடத்தியோர் பலர் பிறவிச் செல்வர் அல்லர். மானாவாரி நிலத்தை நம்பி வாழ்ந்த வேளாண் குடியிற் பிறந்து, பனியன் கம்பெனியில் கூலிக்குச் சேர்ந்து, தொழில் பழகி, ஓரிரு எந்திரங்களை வாங்கிப் போட்டு, பின்னர் முதலாளியானவர் பலர். மழை பொய்த்த நிலத்தை விட்டு வந்தவர்க்கு அவ்வூர் சோறு போட்டது. தென்மாவட்டங்களிலிருந்தும், அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா முதலிய வடமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பல்லாயிரவர்க்கும் அது சோறு போட்டது, இன்றும் போடுகிறது. பெண்கள் தம் கையால் ஊதியம் பெற்றனர். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர். இவை யாவும் உண்மை. சிறிய நன்மைகளும் அல்ல.

இனி, சாயத்தின் செய்தியைச் சற்று விரிவாகக் காண்போம். மாணவர்கள் இதனை விளங்கிக்கொள்ளாவிடின் பின்வருவன எவையும் விளங்கா.

பின்னிய துணியை முதலில் வெளுக்க வேண்டும். பின்னர்ச் சாயம் ஏற்ற வேண்டும். பருத்தி இழையும் இன்று பெரிதும் வழங்கும் சாயப்பொருளும் நீரில் ஒரே வகை மின்னூட்டம் பெறுவன. ஆதலின் அவை ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையின்பால் செலுத்துவதற்குச் சாயத் தொட்டியில் உப்பைக் கொட்டுவர். சோற்றுப்பாகவோ, சோடியம் சல்பேட்டாகவோ அது இருக்கும். கருநீலம், கறுப்பு முதலிய அடர்நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு ஐம்பது கிராமுக்கு மேலும் உப்பு வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பே உண்டு என்பதை நினைவிற் கொள்க. கடலினும் கரிக்கும் நீரில் தோய்ந்தெழுந்த பின்னரே நம் சட்டை கறுப்பாகிறது! அவ்வாறு கொட்டிய உப்பு துணியில் தங்குவதில்லை. தன் வேலையை முடித்ததும் முழுவதும் கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

கழிவுநீரில் சாயமும் இருக்கும், உப்பும் இருக்கும். சாயம் கண்ணுக்குத் தெரியும். சுண்ணாம்பு முதலியவற்றை இட்டு அதனைப் பெரும்பாலும் படியச் செய்துவிடலாம். உப்போ கண்ணுக்குத் தெரியாது. அம்முறையால் நீங்கவும் நீங்காது. 1990ஆம் ஆண்டுகளில் திருப்பூரில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பல எழுந்தன. அவற்றிற் புகுந்த நீர் செந்நிறமும் நீலநிறமும் நீங்கித் தெளிந்து வெளிவந்தது. பார்த்தவர் மகிழ்ந்தனர். ஆனால் அத்தெளிந்த நீரில் உப்பு அப்படியே இருந்தது. ஒரு லிட்டர் கழிவுநீரில் கரைந்த உப்புகள் 2100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த எல்லை. அவ்வெல்லையைச் சாயப்பட்டறை நீர் பன்மடங்கு கடந்தே ஆற்றிற் சென்றது.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் பழமொழி. நொய்யலின் கீழ்க்கரை உழவர் தம் நிலத்தில் உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கத்தான் செய்வர். பழமொழி கருதிய பொருளில் அன்று.

சென்னிமலைப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் என்னுமிடத்தில் நொய்யலுக்குக் குறுக்கே ஓர் அணை கட்டப்பெற்று, 1992ஆம் ஆண்டில் பயனுக்கு வந்தது. வானம் பார்த்த நிலங்களுக்கு நீர் தருவதே அதன் நோக்கம். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. தண்ணீர் திறந்து விடுக என்று கேட்பதற்காகக் கட்டிய அணையைத் திறக்க வேண்டா என்று உழவரே கேட்கும் நிலை வந்தது. தேங்கிய நீர் நிலத்தடியில் ஊறிச் சுற்றுப்புறக் கிணறுகளையும் கெடுத்தது. உப்பேறிய மண் இறுகும். வேர் நீரை உறிஞ்ச இயலாமற் போகும். தென்னை குரும்பை உதிர்க்கும். மாடு அந்நீரை மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நீர் நிரம்பிய அணைக்கு அருகிலிருந்தும் குடிநீரை லாரியில் எதிர்பார்த்து நிற்கும் ஊர்கள் உண்டாயின.

அக்காலத்தில் திருப்பூர்க் கம்பெனிகளைப் பற்றி யாரை வினவினால் யாது விடை கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வணிக நூலார் இக்காலத்தில் ஒரு நிறுவனத்தால் நன்மையோ தீமையோ எய்துவோர் அனைவரையும் அதன் ‘தொடர்புடையோர்’ என்பர். முதலிட்டவர், வேலை செய்பவர், பொருளை வாங்குபவர், கடன் கொடுத்தவர், அரசு, அக்கம்பக்கத்தார் ஆகிய யாவரும் அதனுள் அடங்குவர். ஒரு நிறுவனம் நெடுங்காலம் நிலைபெற வேண்டுமாயின் ஆதாயத்தை மட்டும் நோக்காது, சமுதாயத்தையும் சுற்றுச்சூழலையும் காத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை. நல்ல கொள்கையே. ‘தொடர்புடையோர்’ என்னும் சொல்தான் எனக்குச் சற்று மெலிந்ததாகத் தோன்றுகிறது. தமிழில் ‘பங்காளி’ என்றொரு சொல் உண்டு. சொத்தில் பங்குடையவன் பங்காளி; அவனுக்கே பிறப்பிலும் இறப்பிலும் தீட்டும் உண்டு. நன்மையிலும் தீட்டிலும் ஒருங்கே பங்கு கொள்பவன் என்னும் கருத்து அச்சொல்லில் பொதிந்துள்ளது. ஆலையைச் சூழ்ந்த பங்காளிகளுள் சிலர்க்குச் சொத்து மட்டும் சேர்கிறது. சிலர்க்குத் தீட்டு மட்டும் சேர்கிறது. வேறுபாடு அங்கேதான் தொடங்குகிறது.

முதலாளியை வினவினால், ‘ஆயிரம் குடும்பங்களுக்கு வேலை தருகிறேன்; கோயிலுக்குத் திருப்பணி செய்தேன்; பள்ளிக்குக் கட்டடம் கட்டினேன்’ என்பார். அது பொய்யன்று. அவர் கண்ணுக்கு எட்டுவது அது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கடைக்காரரை வினவினால், குழந்தைத் தொழிலாளர் இல்லை என்னும் சான்றிதழையும், தீயணைக்கும் கருவி தொங்கும் சுவரின் படத்தையும் காட்டுவார். அவர் ஆற்றைக் கண்டவரல்லர். ஆடையை உடுப்பவருக்கோ விலை மட்டுமே தெரியும்.

தொழிலாளியின் கண் வேறு. அவர் ஆலைக்குள் நின்று பார்க்கிறார். கூலி சரியாக வருகிறதா, வைப்புநிதி பிடிக்கிறார்களா, கண்காணிப்பாளர் மரியாதையாகப் பேசுகிறாரா, இரவு வேலைக்குப்பின் வீடு செல்ல வண்டி உண்டா என்பவையே அவருக்குச் சமுதாய நலம். ஆறு அவருக்கு அயலது. வேற்றூரிலிருந்து வந்து, வாடகை அறையில் தங்கி, குடத்துக்கு விலை கொடுத்து நீர் வாங்குபவர், நாற்பது கிலோமீட்டருக்குக் கிழக்கே யாருடைய தென்னை காய்ந்தது என்று அறியார். அறியவில்லை என்று அவரைக் குறைகூறவும் இயலாது.

உழவரையும் ஒரே கூட்டமாகக் கருதுதல் பொருந்தாது. நகரத்தை ஒட்டிய ஊர்களில் நல்ல நீர் சுரந்த கிணறுடையோர் சிலர், அந்நீரை லாரிகளுக்கு விற்றுப் பொருளீட்டினர். அந்நீரே சாயப்பட்டறைக்குச் சென்று, உப்பேறி, ஆற்றில் இறங்கி, கீழேயுள்ள உழவரின் கிணற்றைக் கெடுத்தது. விற்றவரும் உழவர், கெட்டவரும் உழவர். பட்டறை நடத்தியவரும் முன்னாளில் உழவரே. மூவரும் ஒரே திருமணப் பந்தலில் அருகருகே அமர்ந்து உண்ணும் உறவினராகவும் இருந்திருத்தல் கூடும். வேற்று நாட்டான் வந்து செய்த கேடு என்று சொல்லித் தப்புவதற்கு இங்கு வழியில்லை.

கடைமடை உழவர் மட்டுமே ஆலையை அதன் பின்புறத்திலிருந்து பார்த்தார். அவர் அங்குக் கூலி பெறுபவரல்லர், பங்கு வாங்கியவரல்லர், பொருளை வாங்கியவருமல்லர். ஆலையினின்று அவரிடம் வந்து சேர்ந்தது கழிவுநீர் ஒன்றே. ஆதலின் அவர் கூற்றில் நன்றிக்கடன் இல்லை, அச்சமும் இல்லை. ஒரு நிறுவனம் சமுதாயத்திற்கும் சூழலுக்கும் உகந்ததா என்று துணிவதற்கு முதற்கண் கேட்க வேண்டிய சொல் அவருடையதே என்பது என் கருத்து. நடந்ததோ, அச்சொல் கடைசியாகக் கேட்கப்பட்டது.

‘உழவர்க்கு வேதியியல் தெரியுமா? அவர் வாய்ச்சொல்லைக் கொண்டு எங்ஙனம் முடிவு செய்வது?’ என்று சிலர் வினவுவர். வினா நியாயமானது போலத் தோன்றும். ஆனால் நொய்யலில் நிகழ்ந்த வரிசையை நோக்குங்கள். கிணறு கரிக்கிறது என்று உழவர் முதலிற் சொன்னார். அதன்பின்னரே அதிகாரிகள் குப்பியில் நீரை எடுத்துச் சென்று அளந்தனர். அளவும் அவர் சொல்லையே உறுதிப்படுத்திற்று. அளவுகோல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்று கைகாட்டுபவர் கடைமடையார்தாம். சுத்திகரிப்பு நிலையத்தின் வாயிலில் தெளிந்து ஓடிய நீரைக் கண்டவர் அனைவரும் கற்றவரே. அவர்களிற் பலர்க்கு உப்பு நினைவுக்கு வரவில்லை.

உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய வழக்கில், மாசுபடுத்தியவரே அதனால் நேர்ந்த இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பின் வழி அமைந்த இழப்பீட்டு ஆணையம் நொய்யற் பகுதியையும் ஆராய்ந்து, 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் வழங்குமாறு 2004இல் கூறிற்று. தொகை பெரிதுபோல் ஒலிக்கும். வகுத்துப் பார்த்தால் ஒருவர்க்குச் சராசரியாக ஒன்பதாயிரம் ரூபாயும் இல்லை. ஒரு கிணற்றை வெட்டும் செலவுக்கு அது காணாது. கெட்ட மண்ணுக்கு எங்ஙனம் ஈடாகும்?

நொய்யல் ஆயக்கட்டுதாரர் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு டிசம்பரில், ஒரு துளிக் கழிவும் வெளியேறாத நிலையை எய்துக என்றும், எய்தும் வரை வெளியேற்றும் கழிவுநீரின் அளவுக்கேற்ப லிட்டருக்கு 6 காசு முதல் 10 காசு வரை தண்டம் செலுத்துக என்றும் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றமும் 2009இல் உழவர் பக்கமே நின்றது. அதன்பின்னும் கழிவுநீர் ஓடியது. 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறைகளை மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. எழுநூற்றுக்கு மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. அணை பயனுக்கு வந்த நாள் தொட்டு அந்நாள் வரை பத்தொன்பது ஆண்டுகள். அணை திறந்த ஆண்டில் நட்ட தென்னம்பிள்ளை காய்த்துப் பயன்தந்து முதிரும் காலம் அது; ஆனால் அங்குத் தென்னை நட்டவர் யார்?

பட்டறைகள் மூடிய செய்தி கேட்டு மகிழ்ந்து கைகொட்டுதல் எளிது. நான் அவ்வாறு செய்யேன். சாயத் தொட்டியருகே நின்று உழைத்தவர் ஒரே நாளில் வேலை இழந்தனர். அவர்கள் உப்பை ஆற்றில் விடுமாறு முடிவு செய்தவர் அல்லர். ஆயினும் முதல் அடி அவர்கள் மேலேயே விழுந்தது. துணிகள் சாயமேற்ற வேற்றூர்களுக்கும் வடமாநிலங்களுக்கும் சென்றன. அண்டை மாவட்டங்களில் ஒளிவுமறைவாகப் பட்டறைகள் முளைத்தன; அங்குள்ள ஓடைகள் நிறம் மாறின. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் ஆயிற்று. சூழல் வேறு, சமுதாயம் வேறு என்று இரண்டு பத்திகளாகப் பிரித்து எழுதுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கெட்டது சூழல் என்று தொடங்கிய கதை, வேலையிழந்த தொழிலாளியின் அடுப்பங்கரையில் வந்து நின்றது. கிணறு கெட்ட உழவரின் மகன், வேறு வழியின்றி, அதே திருப்பூரில் பனியன் தைக்கச் சென்றதும் உண்டு.

பின்னர் நிகழ்ந்ததையும் சொல்ல வேண்டும். சொல்லாவிடின் நடுவுநிலை பிறழும். அரசு வட்டியில்லாக் கடன் தந்தது. பட்டறை உரிமையாளர்களும் பெரும்பொருள் செலவிட்டனர். கழிவுநீரை மெல்லிய சவ்வுகளின் வழியே அழுத்தத்தால் செலுத்தி நல்ல நீரைப் பிரித்தெடுத்தனர். எஞ்சிய அடர் உப்புநீரை ஆவியாக்கி உப்பை மீட்டனர். அருள்புரத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில், உப்புக் கரைசலையே மீண்டும் சாயத் தொட்டிக்குப் பயன்படுத்தும் முறை வெற்றியுடன் நடந்து காட்டிற்று. முடியாது என்று பன்னாள் சொல்லி வந்த ஒன்று, ஆணை வந்தபின் முடிந்தது. பிற நாட்டார் வந்து பார்த்துச் செல்லும் அளவுக்கு அஃது இன்று வளர்ந்துள்ளது. அதற்குரிய பாராட்டைத் திருப்பூர்க்கு மறுத்தல் அறமன்று.

இங்கு ஒரு வியப்பு உண்டு. இத்துணைச் செலவும் செய்து சாயமேற்றிய சட்டையும், கழிவை ஓடையில் திறந்துவிட்டுச் சாயமேற்றிய சட்டையும் கடையில் அருகருகே தொங்கினால், கண்ணாலோ கையாலோ வேறுபாடு காண இயலாது. மின்சாரத்துக்கும் எரிபொருளுக்கும் முன்னவர் செய்த செலவு சட்டையில் தெரியாது. விலையில் மட்டுமே தெரியும். வாங்குபவர் விலை குறைந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார். கட்டிய பள்ளிக்கூடம் கண்ணுக்குத் தெரிகிறது. கெடாத கிணறு யார் கண்ணுக்குத் தெரிகிறது? தீங்கு செய்யாமை என்பது ஒன்றும் நிகழாமை. ஒன்றும் நிகழாத இடத்தைப் படம் பிடிப்பது எங்ஙனம்?

ஆகவேதான் நிறுவனங்கள் கொடையின்பால் விரைந்து செல்கின்றன. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் தம் மூவாண்டுச் சராசரி ஆதாயத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கினைச் சமுதாயப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அதனால் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் நன்மை விளைந்துள்ளது. நான் அதனைப் பழிக்கவில்லை. ஆனால் இரண்டு பங்கை எவ்வாறு கொடுத்தார் என்று விழாவெடுத்துப் பேசும் நாம், மற்றைத் தொண்ணூற்றெட்டுப் பங்கை எவ்வாறு ஈட்டினார் என்று வினவுவதில்லை. அதே சட்டம் பிறிதோர் இடத்தில், கம்பெனியை நடத்தும் இயக்குநர் பங்குதாரர் நலத்தோடு, தொழிலாளர், ஊரார் ஆகியோர் நலத்தையும், சூழலின் பாதுகாப்பையும் கருதி நல்லெண்ணத்தோடு நடத்தல் வேண்டும் என்கிறது. இரண்டு பங்கைப் பற்றிய பிரிவு ஊரெங்கும் பேசப்படுகிறது. இப்பிரிவைப் பேசுவார் அரியர்.

பெரிய கம்பெனிகள் இன்று ஆண்டுதோறும் தம் சமுதாயப் பணியையும் சூழல் காப்பையும் விரித்து அறிக்கை வெளியிடுகின்றன. பங்குச் சந்தையில் முன்னணியிலுள்ள ஆயிரம் கம்பெனிகளுக்கு இது 2022-23ஆம் ஆண்டு முதல் கட்டாயமாயிற்று. வழவழப்பான தாளில், மரக்கன்று நடும் குழந்தைகளின் படத்தோடு, பெரும்பாலும் ஆங்கிலத்தில் அவை வெளிவருகின்றன. அவற்றில் உள்ள எண்கள் பொய் என்று கூறவில்லை. அவை யாருக்காக எழுதப்பட்டன என்றே கேட்கிறேன். முதலிடுவோரும் கடன் தருவோரும் படிப்பதற்கு எழுதியவை அவை. அவ்வறிக்கை அச்சிட்ட கம்பெனியின் கழிவு எந்த ஓடையில் இறங்குகிறதோ, அந்த ஓடைக்கரையில் வாழ்பவர் கையில் ஒரு படியேனும் சேர்ந்ததாக நான் கேட்டதில்லை.

சான்றிதழையே நம்பி இருத்தலும் கேடு. 2012ஆம் ஆண்டு செப்டம்பரில் பாகிஸ்தானின் கராச்சி நகரத்து ஆடைத் தொழிற்சாலை ஒன்று தீப்பற்றி எரிந்தது. வெளியேற வழியின்றி இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் செம்மையாக உள்ளன என்னும் அனைத்துலகச் சான்றிதழ், அதற்கு முந்திய மாதத்திலேதான் அத்தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டிருந்தது. சான்று தர வந்தவர் முன்வாயில் வழியே வந்து, காட்டியதைக் கண்டு சென்றனர் போலும். பூட்டிய கதவும் கம்பியிட்ட சன்னலும் உள்ளே நின்று தைத்தவர்க்கு நாள்தோறும் தெரிந்திருக்கும். அவரைத் தனியே அழைத்து, அச்சமின்றிச் சொல்லுமாறு கேட்டவர் யார்?

செய்யத்தக்கது யாது என்று நீங்கள் கேட்கலாம். வாங்குபவர் விலையில் தம் பங்கை ஏற்க வேண்டும் என்பது ஒன்று. அது கடல்கடந்த கடைக்காரர் மனம் வைத்தாலன்றி நடவாது. நம் கையில் உள்ளதும் ஒன்று உண்டு. சிலவகைப் பெருந்தொழில்களைத் தொடங்குமுன், அவ்வட்டாரத்து மக்களைக் கூட்டி, மாவட்ட ஆட்சியரோ அவரால் அமர்த்தப்பட்டவரோ தலைமை தாங்க, அவர்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் மைய அரசு அறிவிக்கை விதிக்கிறது. திட்டத்தின் சுருக்கத்தை மக்கள் மொழியிலும் தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அக்கூட்டம் நடப்பது ஆலை எழுவதற்கு முன். அப்போது மக்களிடம் இருப்பது அச்சமும் நம்பிக்கையுமே. ஆலை ஓடத் தொடங்கிப் பத்தாண்டு கழிந்தபின் அவர்களிடம் இருப்பது பட்டறிவு. அந்தப் பட்டறிவைக் கேட்பதற்கென ஆண்டுதோறும் ஒரு கூட்டம் கூட்டுமாறு அவ்விதி சொல்லவில்லை.

அவ்வாறு ஒரு கூட்டம் வேண்டும் என்கிறேன். நகரத்து விடுதி மண்டபம் அதற்கு ஏற்ற இடமன்று. கழிவு சென்று சேரும் கடைசி ஊரின் பள்ளிக்கூடத்தில் அது நடக்கட்டும். கம்பெனியின் ஆண்டறிக்கையைத் தமிழில் உரக்கப் படிக்கட்டும். ஆலைத் தொழிலாளர் சிலரும் அங்கு வந்து அமரட்டும். தம் கூலியையும் வேலையையும் பற்றி ஊராரிடம் சொல்லட்டும். ஊராரின் கிணற்றைப் பற்றி அவர்களும் கேட்டறியட்டும். நீரை அளக்கும் கருவியோடு ஓர் ஆசிரியரும் மாணவர் சிலரும் இருப்பது நன்று. உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே அதற்குரிய எளிய கருவி இருத்தல் கூடும். குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடையாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பர். கூட்டத்துக்கு வரும் கம்பெனியார்க்கு மேசைமேல் தண்ணீர் வைக்க வேண்டும் அன்றோ? அதனை அவ்வூர்க் கிணற்றிலிருந்தே முகந்து வைக்கலாம்.